ஆர்டர் எண் 4471

ஆம்பூர் பைபாஸை ஒட்டிய ஷெட்டில்
சைரன் ஊதும் முன்பே
தோல் வந்து மேசையில் விரிந்து கிடக்கிறது.
எந்த மாட்டுக்கும் நேர்கோடு கிடையாது.
கழுத்தில் நுகத்தடி தேய்த்த வடு,
விலாவில் முள்கம்பி கிழித்த தடம்,
உண்ணி கடித்த புள்ளிகள்.
சாக்பீஸால் அவற்றைச் சுழித்து ஒதுக்கிவிட்டு
மிச்சத்தில் சதுரம் தேடுகிறேன்.

இந்த வாரத்து சாம்பிளுக்கு
வளைவே கூடாதாம்.
வெள்ளைத் தோல், கறுப்பு வார்,
ஒரு கட்டம் சிவப்பு, ஓரமாய் நீலம்,
கட்டைவிரலுக்கு மேலே கொஞ்சம் மஞ்சள்.
சாய்ந்த தையல் ஒன்றுகூட வேண்டாமென்று
அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறார்கள்.

"பெயின்டிங்கப் பாத்துப் போட்டது"
என்றார் பேட்டர்ன் ரூம் இம்தியாஸ்.
சாப்பாட்டு நேரத்தில் போனை நீட்டினார்.
நூறு வருஷத்துக்கு முன்,
உலகமே சண்டையில் இருந்த ஒரு குளிர்காலத்தில்,
பனி கொட்டும் ஊரில் ஒருவர்
கறுப்புச் சதுரம் ஒன்றைத் தீட்டி
சாமிப் படம் வைக்கும் மூலையில்
உயரத்தில் மாட்டினாராம்.

"அடிக்கலையா?" என்றாள் குளோரி.

"சிரிச்சாங்க. அப்புறம் புரட்சி வந்துச்சு.
சதுரமும் வட்டமும் தெருவுக்கு வந்துச்சு.
சுவரொட்டியில, பீங்கான் கோப்பையில,
எங்க பாத்தாலும்.
அப்புறம் அதே அரசாங்கம்
இதுல ஆள் எங்க, டிராக்டர் எங்கன்னு கேட்டு
பூட்டி வெச்சிடுச்சு."

கடலைத் தள்ளி நிலம் பிடித்த இன்னொரு நாட்டில்
வரப்பு போடுவது போலக் கட்டம் போட்டார்களாம்.
அங்கே இரண்டு நண்பர்கள்
ஒரு சாய்ந்த கோட்டுக்காகப் பிரிந்தார்களாம்.

இதை மட்டும் உடனே நம்பினேன்.
எங்கள் லைனில் நவநீதமும் குளோரியும்
இரண்டு மில்லிமீட்டருக்காக
ஏழு மாதம் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கட்டங்கள் பிறகு நாற்காலியாயின,
ஜன்னலாயின, கவுனாயின,
சோப்பு டப்பாவின் மேலுறையாயின.
சுற்றிச் சுற்றி இப்போது
என் கத்திக்குக் கீழே வந்திருக்கின்றன,
ஜோடிக்கு இவ்வளவு என்று.

அந்தக் கறுப்பு இப்போது வெடித்துவிட்டதாம்.
விரிசலில் வேறு நிறம் எட்டிப் பார்க்கிறதாம்.
எக்ஸ்ரே எடுத்தால்
அடியில் வேறொரு படம் இருந்ததாம்.

எனக்கும் எடுத்தார்கள்.
வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில்,
பசை வாடை நெஞ்சில் தங்கி
இருமல் விடாத ஆடியில்.
விளக்குப் பெட்டியில் மாட்டிய ஃபிலிமைப் பார்த்து
எவ்வளவு கறுப்பு என்று பயந்துபோனேன்.
"கறுப்பு காத்தும்மா, நல்லது.
வெள்ளையத்தான் நாங்க தேடுவோம்"
என்றார் டாக்டர்.
டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு
நான் அந்தச் சதுரத்தையே பார்த்தபடி இருந்தேன்.
யாரும் வரையாத படம் அது,
உள்ளே நிறையக் காற்று.

வியாழக்கிழமை முதல் சாம்பிளை
லாஸ்ட்டில் ஏற்றி இழுத்தோம்.
ஸ்கேல் வைத்து வெட்டிய கோடெல்லாம்
பாதத்தின் மேட்டில் ஏறியதும்
வாய்கோணிப் போயின.
இம்தியாஸ் தலையில் கைவைத்தார்.
இரண்டாவதை நான் வேறு மாதிரி வெட்டினேன்.
எங்கே பாதம் உப்புமோ அங்கே
கோட்டை ஒரு நூல் எதிர்ப்பக்கம் வளைத்து.
இப்போது ஏற்றினால்
நூல் பிடித்தது போல நேர்.

பையர் கடிதத்தில் பாராட்டு வந்தது:
கோடுகள் துல்லியம்.
கோணல் அடியில் இருப்பது
எனக்கும் லாஸ்ட்டுக்கும் தெரியும்.

மிஞ்சிய தோலைத் தூக்கிப் பிடித்தேன்.
மாடு போலவே இருந்தது,
உடம்பெல்லாம் ஜன்னலாக.
ஒரு ஜன்னலில் நவநீதம் தண்ணீர் குடித்தாள்.
ஒன்றில் டியூப்லைட்.
ஒன்றில் பைபாஸில் போகும் மணல் லாரி.
அதைக் கட்டத்துக்குள் பிடிப்பதற்குள்
தாண்டிப் போய்விட்டது.

மாலையில் கழிவு எடுக்கிறவர் வந்தார்.
கிலோ கணக்கில் நிறுத்துக்கொண்டார்,
ஜன்னல்களுக்குக் காசு தராமல்.